குமுளி இறக்கத்தில் விளக்கெண்ணெய் வாசம்

யுத்த காலத்தில் தேனிக்கும் குமுளிக்கும் இடையே ஓடிய எங்கள் பஸ்ஸில் புதிதாக இருந்தது டிரைவரின் மீசை ஒன்றுதான். பக்கத்தில் போய்ப் பார்த்தால் அதுவும் மை தடவிப் புதுப்பித்தது என்று தெரிந்துவிடும்.

மற்றதெல்லாம் செத்துப் பிழைத்தவை. பிஸ்டன்கள் எங்கோ கவிழ்ந்து கிடந்த ஒரு லாரியின் வயிற்றிலிருந்து வந்தவை. தேய்ந்துபோன பேரிங்குகளின் ஈயத்தைச் சுரண்டி எடுத்து, உருக்கி, அதையே திரும்ப வார்த்துக் கடைந்து மாட்டியிருந்தோம். வழுக்கையாகிப்போன டயர் மேல் இன்னொரு டயரின் தோலை வைத்துத் தைத்திருந்தோம். பெட்ரோல் கிடைக்காததால் வண்டியின் பின்னால் ஒரு தகர உருளையைக் கட்டி, அதில் அடுப்புக்கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையில் எஞ்சினை ஓட்டினோம். சீமையிலிருந்து கப்பலில் சாமான் வரவில்லை. கிளம்பிய கப்பல்களும் கடலுக்கு அடியில் போய்க்கொண்டிருப்பதாகப் பேச்சு. ஆகவே அல்லிநகரத்தில் எங்கள் பட்டறைக்குள் வந்த எந்தச் சாமானுக்கும் சாக அனுமதி கிடையாது.

நான் அங்கே பிட்டர். பிரேக் என் பொறுப்பு. எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. கையில் ஸ்பானர் இருந்தால் எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைக்கிற வயது.

பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. புதுச் சாமான் என்றால் பெட்டிக்குள் ஒரு சீட்டு இருக்கும். இது இன்ன காலம் உழைக்கும் என்று சீமைக்காரன் கையெழுத்துப் போட்டிருப்பான். நாங்கள் பிழைக்கவைத்த சாமானுக்கு யார் கையெழுத்துப் போடுவது? அதனால், எவன் அதைச் செய்தானோ அவன் அந்த வண்டியின் முதல் நடையில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குமுளிக்குப் போய்த் திரும்பி வரவேண்டும். முதலாளி இதில் யாருக்கும் விலக்குக் கொடுத்ததில்லை. பேரிங் செய்தவன் வெற்றிலை போட்டுக்கொண்டு ஜாலியாகப் போய்வருவான். பேரிங் கெட்டால் வண்டி நின்றுவிடும், அவ்வளவுதானே. என் வேலை கெட்டால் வண்டி நிற்காது.

பிரேக்கில் லைனிங் என்று ஒன்று உண்டு. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற டிரம்மை உள்ளிருந்து உரசி வண்டியை நிறுத்துகிற பட்டை. அது தேய்ந்தால் புதியது வாங்கி அடிப்பார்கள். புதியது இல்லாத அந்த நாளில், பஞ்சு மில்லில் ஓடித் தேய்ந்து கழித்துப்போட்ட நூல் பெல்ட்டை வாங்கி வந்து, வெட்டி, வளைத்து, செம்பு ஆணி அடித்து லைனிங் ஆக்கினோம். நன்றாகவே உழைத்தது. ஒரே ஒரு தொல்லை. பெல்ட் காய்ந்து வெடிக்காமல் இருக்க மில்காரர்கள் அதற்கு வருஷக்கணக்காக விளக்கெண்ணெய் ஊட்டியிருப்பார்கள். அந்த எண்ணெயோடு மாட்டினால், சூடேறும்போது கக்கிவிடும். பிறகு பிரேக்கை மிதிப்பதும் சோற்றை மிதிப்பதும் ஒன்றுதான்.

எனவே வெளுப்புக்குப் போடும் உவர்மண்ணைக் கரைத்த தண்ணீரில் பெல்ட்டை மூன்று முறை அவிக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீர். மூன்றாவது தண்ணீரில் எண்ணெய்ப் படலம் தெரியக் கூடாது. அப்புறம் கல்லைப் பாரமாக வைத்து நாலு நாள் வெயிலில் காயப்போட வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியாதா என்றால், பட்டறையில் மற்றவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவனே நான்தான்.

அந்தச் சித்திரையில் வீரபாண்டித் திருவிழா வந்தது. நாலு சக்கரத்துக்கும் லைனிங் அடிக்கவேண்டிய வண்டியும் அதே வாரத்தில் வந்தது. நான் ஒரு முறை அவித்தேன். தண்ணீர் மேல் எண்ணெய் பளபளவென்று மிதந்தது. ஒரு துணியை எடுத்து அதை அப்படியே ஒற்றி எடுத்தேன். இப்போது தண்ணீர் சுத்தமாக இருந்தது. காய்ச்சல்காரனின் நெற்றியைத் துடைத்துவிட்டு, காய்ச்சல் போய்விட்டது என்று சொல்லும் வைத்தியனைப் போல எனக்கு ஒரு திருப்தி. தகரக் கூரையில் ஒரே நாள் காயவைத்து, ஆணி அடித்து, முதலாளியிடம், “மூணு அவியல் ஆச்சு” என்று சொல்லிவிட்டு ராட்டினம் ஆடப் போய்விட்டேன்.

திருவிழா முடிந்த மறுநாள் வண்டி கிளம்பியது. நான் வழக்கப்படி முன் இருக்கையில். டிரைவர் ராயப்பன்பட்டிக்காரர், எஞ்சினைக் கிளப்புமுன் சிலுவை போட்டுக்கொள்வார். அன்று அவர் போட்டபோது எனக்கும் ஒன்று சேர்த்துப் போட்டால் தேவலை என்று தோன்றியது.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. வீரபாண்டியில் நின்றது. சின்னமனூரில் நின்றது. நிற்கும்போதெல்லாம் நான் சுற்றுமுற்றும் பார்த்தேன், யாராவது பாராட்டுவார்களா என்று. கம்பம் தாண்டிக் கூடலூரில் நின்றபோது வண்டிக்குள் லேசாக ஒரு வாசம் வந்தது. கண்டக்டர் மூக்கைச் சுருக்கிக்கொண்டு பின்பக்கம் திரும்பினார்.

“ஏலே, எவன்லே விளக்கெண்ணெய் குடிச்சுட்டு வண்டியேறுனது? மலையேறும்போது நிறுத்தச் சொன்னா நிறுத்தமாட்டோம், சொல்லிட்டேன்!”

வண்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த வாசம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

மலையடிவாரத்தில் லோயர் கேம்ப். அங்கிருந்து ஏற்றம். கரிப்புகைக்கு ஏற்றம் ஆகாது. பாதி வழியில் எல்லோரும் இறங்கித் தள்ளவேண்டும். ஒரு வளைவில் எஞ்சின் மூச்சுவிட்டு நின்றது. டிரைவர் பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்காமல் ஒரு முழம் பின்னால் வழுக்கியது. கண்டக்டர் ஓடிப்போய் சக்கரத்துக்கடியில் முட்டுக்கட்டையை வைத்தார். டிரைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“என்ன மாப்ளே, புடிக்க யோசிக்குது?”

“புதுசுல்ல அண்ணே. பழகிரும்.”

சொன்ன பொய்களிலேயே இதுதான் மோசம் என்று இப்போது நினைக்கிறேன். வண்டியின் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தேன். கீழே மரங்களின் உச்சி தெரிந்தது. மரத்தின் உச்சியைக் குனிந்து பார்க்கிற இடத்தில் மனிதன் உண்மையைப் பேச வேண்டும். நான் தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

குமுளியில் வண்டி நின்றதும், யாரும் பார்க்காதபோது பின் சக்கரத்தருகே குந்தி டிரம்மின் விளிம்பில் விரலை வைத்தேன். சுட்டது. விரலை மூக்கருகே கொண்டுபோக வேண்டிய அவசியமே இல்லை. பிசுபிசுவென்று மினுங்கியது. ஏற்றத்தில் பிரேக்குக்கு அதிக வேலை இல்லை. அப்போதே இப்படி என்றால் இறக்கத்தில்? மலைக்காற்று ஜிலுஜிலுவென்று வீச, எனக்கு முதுகில் வேர்வை ஓடியது.

டிரைவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போனேன்.

“அண்ணே, எனக்கு வயித்தால போகுது. இன்னைக்கு இங்கனயே தங்கிக்கிறேன். நீங்க போங்க.”

“அப்ப விளக்கெண்ணெய் குடிச்சவன் நீதானா?” என்றார் அவர், டீயை ஊதிக்கொண்டே.

எனக்கு வாய் சும்மா இருக்காது. உயிர் போகிற நேரத்திலும் பதில் சொல்லிவிடும்.

“நான் குடிக்கலண்ணே. பிரேக்கு குடிச்சிருக்கு.”

அவர் டம்ளரைப் பெஞ்சில் வைத்தார். “எத்தனை அவியல்?”

“ஒண்ணு.”

“முதலாளிட்ட என்னன்னு சொன்ன?”

“மூணு.”

அவர் அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடிக்கவில்லை. மீசையைக் கையால் துடைத்தார். மை உள்ளங்கையில் ஒட்டியது. அதை அவர் கவனிக்கவே இல்லை. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு நிஜமான பயம் வந்தது. அந்த மனிதர் மீசையை மறந்து நான் பார்த்ததில்லை.

பயணிகளிடம் அவரே சொன்னார். பிரேக் சரியில்லை, ஆட்கள் யாரும் வண்டியில் மலையிறங்க வேண்டாம், குறுக்குப்பாதையில் நடந்து லோயர் கேம்ப் வந்துவிடுங்கள், வண்டி மெதுவாக வந்து சேரும் என்று. யார் செய்த பிரேக் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை, நான் நின்ற நிலையைப் பார்த்தே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஏலக்காய்த் தோட்டத்து ஆட்கள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, என் பரம்பரையை ஒவ்வொரு தலைமுறையாக விசாரித்தபடி பாதையில் இறங்கினார்கள்.

இரண்டு பேர் மட்டும் நின்றார்கள். ஒரு பெண், நிறைமாதம். ஏலத்தோட்டத்தில் புருஷனுக்கு வேலை; தலைப்பிரசவத்துக்குக் கம்பத்துக்குத் தாய்வீடு போகிறாள். கூட்டிப்போக அவளுடைய தாய் வந்திருந்தாள். குறுக்குப்பாதை பாறையும் சறுக்கலுமானது. அந்தப் பெண்ணுக்குச் சமதரையில் நடக்கவே மூச்சு வாங்கியது. மாட்டுவண்டிகள் காலையிலேயே இறங்கிப் போயிருந்தன. அடுத்த பஸ் நாளை மறுநாள்.

“இங்கனயே ரெண்டு நாளு இருந்துட்டு வாங்கக்கா” என்றார் டிரைவர்.

“இவளுக்கு இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு. இந்தக் காட்டுல எந்த மருத்துவச்சி இருக்கா? கொரங்கு வந்து புள்ள பார்க்குமா?” என்றாள் தாய். பிறகு என் பக்கம் திரும்பினாள். “ஏலே, நீயா பிரேக்கு செஞ்சவன்?”

“ஆமாக்கா.”

“நீ வண்டியில வருவியா, நடந்து வருவியா?”

அவ்வளவு நேரம் நான் நடந்து வருவதாகத்தான் இருந்தேன். வழக்கம் இருக்கட்டும், வயிறு இருக்கட்டும், பாதை இருக்கவே இருக்கிறது என்று கணக்குப் போட்டிருந்தேன். அந்தப் பெண் இரண்டு கையாலும் வயிற்றைத் தாங்கிக்கொண்டு என்னையே பார்த்தாள்.

“வண்டியிலதான்” என்றேன்.

“அப்ப நாங்களும் வாரோம்” என்று அந்தத் தாய் மகளை ஏற்றிவிட்டாள். என்னை நம்பி ஏறினாளா, நான் பயந்து சாவதைப் பக்கத்திலிருந்து பார்க்க ஏறினாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

டிரைவரின் திட்டம் எளிது. முதல் கியரில் போட்டுவிட்டால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நடக்கிற வேகத்தில் இறங்கலாம். பிரேக்கைத் தொடவே கூடாது. கண்டக்டர் முட்டுக்கட்டையோடு பக்கத்தில் நடந்து வருவார். ஆனால் அந்த கியர்ப் பெட்டியும் செத்துப் பிழைத்ததுதான். பற்கள் தேய்ந்தவை, இறக்கத்தில் கியர் தானாக நழுவி வெளியே வந்துவிடும். ஆகவே ஒருவன் கியர்க் கம்பியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு கீழே வரைக்கும் உட்கார்ந்திருக்க வேண்டும்.

“விட்டுராத மாப்ளே” என்றார் டிரைவர். “மூக்கு அரிச்சாலும் விட்டுராத.”

அப்படிச் சொன்னதுமே மூக்கு அரித்தது.

வண்டி இறங்கத் தொடங்கியது. எஞ்சின் ஊளையிட்டது. கியர்க் கம்பி என் உள்ளங்கைக்குள் உயிருள்ள மிருகம் மாதிரி முட்டியது. வெளியே வர வழி தேடியது. நான் முழங்காலையும் கொடுத்து அழுத்தினேன். முதல் வளைவில் டிரைவர் ஸ்டியரிங்கை ஒடிக்க, முன்கண்ணாடியில் ரோடு மறைந்து வெறும் ஆகாயம் தெரிந்தது. நான் கண்ணை மூடினேன். மூடியதும் இன்னும் பயமாக இருந்தது. திறந்தேன். அதைவிட மோசம். மூச்சுக்கு ஒரு தடவை மூடியும் திறந்தும் மாற்றிக்கொண்டே வந்தேன்.

வீரபாண்டி கௌமாரியம்மனைக் கூப்பிட்டேன். உன் திருவிழாவுக்காக அவசரப்பட்டு வந்த பக்தனாச்சே, இப்படிக் கைவிடலாமா என்று மனசுக்குள் முறையிட்டேன். அவள் எல்லாம் பார்த்திருப்பாள். ராட்டினத்துக்கு மூன்று தடவை போனவன் சன்னதிக்கு ஒரு தடவைகூட வரவில்லை என்பதையும் சேர்த்து. உடனே மாற்றிக்கொண்டு டிரைவர் கும்பிடும் மாதாவைக் கூப்பிட்டேன்.

“ஆத்தா, இவுக என்ன மொணங்குறாக?” பின்னாலிருந்து அந்தப் பெண்ணின் குரல்.

“சாமி கும்புடுறான் போல. கும்புடட்டும். கையை விடாமக் கும்புடுலே!”

பாதிக்கு மேல் இறங்கியாயிற்று. மரங்களுக்கிடையே லோயர் கேம்ப் ஓட்டுக்கூரைகள்கூடத் தெரிந்தன. எனக்குக் கை மரத்துப்போயிருந்தது. பிடித்திருக்கிறேனா இல்லையா என்பதே கையைப் பார்த்தால்தான் தெரிந்தது. ஒரு சின்னப் பாலத்தை ஒட்டிய வளைவில் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. கைக்குள் ‘டக்’ என்றது.

கியர் வெளியே வந்துவிட்டது.

எஞ்சின் ஊளை சட்டென்று அடங்கியது. அந்த அமைதியைப் போலப் பயங்கரமான சத்தத்தை நான் கேட்டதில்லை. வண்டி பிடி விட்டு ஓடியது. “போடுலே! போடு!” என்று டிரைவர் கத்தினார். நான் கம்பியைத் தள்ளினேன். பற்கள் கரகரவென்று உராய்ந்தன, ஏறவில்லை. அவர் பிரேக்கை மிதித்தார். மிதி தரையோடு போய் ஒட்டியது. சக்கரங்களிலிருந்து வெள்ளைப் புகை. விளக்கெண்ணெய் கருகிய நாற்றம். கண்டக்டர் கூடவே ஓடி வந்து முட்டுக்கட்டையை வீசினார். சக்கரம் அதன் மேல் ஏறி, ஒரு துள்ளுத் துள்ளிவிட்டு, அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. எதிரே வளைவு. வளைவுக்கு அப்பால் ஒன்றுமில்லை.

அந்த நொடியில் நான் என்னைப் பற்றி நினைக்கவில்லை என்று எழுத ஆசைதான். என்னைப் பற்றித்தான் முதலில் நினைத்தேன். அதற்கடுத்து, பின்னால் உட்கார்ந்திருப்பது இரண்டு பேர் இல்லை, மூன்று பேர் என்று நினைத்தேன். அப்போது என் கை தானாகவே கம்பியை விட்டுவிட்டு, டிரைவரோடு சேர்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்து மலைப் பக்கம் இழுத்தது.

முன்சக்கரம் ரோட்டோர ஓடைக்குள் விழுந்தது. மட்கார்டு பாறையில் உரசிக் கிழிந்தது. கல்லும் மண்ணும் ஜன்னல் வழியாக உள்ளே கொட்ட, பத்துப் பன்னிரண்டு முழம் இழுத்துக்கொண்டு போய், ஒரு பக்கமாகச் சாய்ந்து, வண்டி நின்றது.

திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. காதை மட்டும் பின்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“ஏண்டி, என்னடி செய்யுது? வலிக்குதா? சொல்லுடி!”

இருக்கைப் பலகை கிறீச்சிட்டது; அவள் நிமிர்ந்து உட்காருவது கேட்டது.

“ஒண்ணும் செய்யல ஆத்தா” என்றாள் அவள். “உள்ள இருக்கது உதைக்குது. அதுவும் பயந்துருச்சு.”

நான் அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன். டிரைவர் ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு கிடந்தார்.

அச்சு வளைந்துவிட்டது. வண்டி இனி நகராது. மீதி ரோடு நடந்தாக வேண்டும். பஸ்ஸின் நீள மரப்பலகை இருக்கை ஒன்றைக் கழற்றினோம். அந்தப் பெண்ணை அதில் உட்காரவைத்து, டிரைவர், கண்டக்டர், நான், அவளுடைய தாய் என்று நாலு மூலைக்கு நாலு பேராகத் தூக்கினோம். முன்னால் தூக்கியது நானும் அந்தத் தாயும்.

“அசையாமத் தூக்கு. இதையாச்சும் ஒழுங்காச் செய்யி” என்றாள் அவள்.

ஒவ்வொரு அடிக்கும் பயந்தேன். சறுக்குமோ, தடுக்குமோ, கை நழுவுமோ என்று. கியர்க் கம்பி என்னை ஏமாற்றிய மாதிரி என் கையே என்னை ஏமாற்றிவிடுமோ என்று. அன்று இறங்கிய ரோட்டின் ஒவ்வொரு கல்லையும் இப்போதும் என்னால் சொல்ல முடியும். அவ்வளவு உற்றுப் பார்த்து நடந்தேன்.

லோயர் கேம்ப்பில் ஒரு மாட்டுவண்டி கிடைத்தது. பஸ்ஸுக்காகக் காத்திருந்த பயணிகள் என் பரம்பரையை இன்னொரு முறை விசாரித்துவிட்டு நடையைக் கட்டினார்கள். டிரைவரும் கண்டக்டரும் பஸ்ஸுக்குக் காவலாகத் திரும்பிப் போனார்கள். “முதலாளிட்ட நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். நீயே சொல்லிக்க” என்றார் டிரைவர். மறுநாள் நானே சொன்னேன். பதிலுக்கு முதலாளி சொன்னதை எழுதினால் எந்த அச்சுக்கூடமும் ஏற்காது. வேலையைவிட்டு மட்டும் அனுப்பவில்லை. பிழைக்கவைக்க முடியாது என்று அந்தப் பட்டறையில் எதையும் தூக்கி எறிந்ததில்லை. என்னையும் அந்தக் கணக்கில் சேர்த்திருப்பார்.

மாட்டுவண்டியோடு கம்பம் வரைக்கும் நான் நடந்தேன். யாரும் வரச்சொல்லவில்லை. வண்டியின் பின்கட்டையைப் பிடித்துக்கொண்டே போனேன். சின்ன இறக்கம் வந்தாலும் பின்னால் இழுத்தேன். மாட்டுக்காரன் இரண்டு தடவை திட்டினான். விடவில்லை.

வீட்டு வாசலில் பெண்ணின் தகப்பனார் நின்றிருந்தார். மகளைக் கைத்தாங்கலாக இறக்கினார். புழுதியும் கரியும் கண்ணீரும் அப்பிய முகத்தோடு வண்டிக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார்.

“இவரு யாரு?”

“இவருதான் பிரேக்கு” என்றாள் தாய்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மகளை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் உண்மையில் கொடுமை. மலையில் பட்டது கொஞ்ச நேரப் பயம். இது காலையில் எழுந்ததும் கூடவே எழுந்துகொள்ளும். அந்தக் குலுக்கல் உள்ளே என்ன செய்திருக்குமோ? பட்டறை வாசலில் நின்று, கம்பத்திலிருந்து வரும் ஒவ்வொரு வண்டியிலும் யாரையாவது மறித்து விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை. எட்டு நாள் போயிற்று. ஒன்பதாம் நாள் எங்கள் கண்டக்டர் இன்னொரு வண்டியிலிருந்து குதித்து நேராக என்னிடம் வந்தார்.

“பொம்பளப் புள்ள. தாயும் புள்ளையும் நல்லா இருக்காக.”

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

“இரு, முடியல” என்றார் அவர். “மூணு மாசம் கழிச்சுப் புள்ளையத் தூக்கிட்டு மேல போறாகளாம். அன்னைக்கு வண்டியில பிரேக்கு கூட வந்தாத்தான் ஏறுவோம்னு அந்த அக்கா கண்டிசனாச் சொல்லிருச்சு.”

மூன்று மாதம் இருந்தது. நான் அன்றைக்கே பயப்பட ஆரம்பித்தேன்.